பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்து ஓம் சொன்ன கதை

எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச வராது. கலியாண வீட்டில் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வருகிறார்கள் என்றால், நான் கார் பார்க்கில் போய் நிற்பேன். அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளைக்கார நடிகையின் நாடகத்தில் எப்படி மாட்டுப்பட்டான் என்று மனைவியின் ஆட்கள் இன்னும் கேட்கிறார்கள். ஒருமுறை எழுதி வைத்தால் பிறகு வாய் திறக்கத் தேவையில்லை.

அப்போது நான் மெல்பேர்னில் ஒரு ஒத்திகை மண்டபத்தில் கிளீனிங் வேலை செய்தேன். விடிய ஆறு மணிக்குத் தொடக்கம். ஆட்கள் வரமுன் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்தது. ஒருநாள் ஏழு மணிக்கே ஒரு அம்மா வந்து, நான் தூசிக்கு வாக்கூம் பிடித்துக்கொண்டிருந்த நடு மண்டபத்தில் நின்றா. தான் சொல்வதைக் கொஞ்சம் கேட்க முடியுமா என்று கேட்டா. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது என்றேன். அது இன்னும் நல்லது என்றா.

ஆள் யார் என்று மனைவிதான் கண்டுபிடித்தாள். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இருபது வருசத்துக்கு மேல் நேர்ஸாக நடித்தவ. மனைவி இங்கே வந்த புதிதில் அந்தத் தொடரைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் பழகினவள். பிறகு தொடர்க்காரர் செலவைக் குறைக்க யோசித்து, அந்த நேர்ஸைப் பால் வாங்கக் கடைக்கு அனுப்பினார்கள். போனவள் திரும்பி வரவில்லை. சாகவுமில்லை, விபத்துமில்லை. அடுத்த கிழமை யாரும் அவளைப் பற்றிப் பேசவுமில்லை. அதற்குப் பிறகு தெருவில் காண்கிற சனம் எல்லாம் பால் கிடைத்ததா என்றுதான் அவவிடம் கேட்குமாம். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற என் மச்சாள் ஒருத்தி, அந்த நேர்ஸ் சிட்னிக்கு மாற்றலாகி வந்திருப்பா என்று கனகாலம் நம்பியிருந்தாள்.

இப்போது அவவுக்கு மேடையில் ஒரு நாடகம் கிடைத்திருந்தது. ஒன்றரை மணித்தியாலம், ஒரே ஆள். தொலைக்காட்சியில் நாளுக்குப் பத்து வரி பாடமாக்கி, பின்னேரம் மறந்துவிடுவார்கள். இங்கே முழுவதும் மண்டைக்குள் நிற்கவேண்டும். இது சரிவராவிட்டால் இனி மூட்டுவலி மாத்திரை விளம்பரம்தான் என்று சொல்லிச் சிரித்தா. சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றா.

அவ சொல்லத் தொடங்கினா. எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் கதை சொல்லும்போது கேட்கிறவன் இடைக்கிடை ஓம் போடவேண்டும். போடாவிட்டால் நித்திரை, அல்லது கோபம் என்று அர்த்தம். அவ மூச்சு விட்ட இடத்தில் என்னை அறியாமல் ஓம் என்றேன். அவ நின்று, அது என்ன என்று கேட்டா. யெஸ் என்றேன். எதற்கு யெஸ் என்றா. ஒன்றுக்குமில்லை, நான் இங்கே நிற்கிறேன் என்று காட்டத்தான் என்றேன். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, தொடர்ந்து செய்யச் சொன்னா.

மூன்று கிழமை இப்படிப் போனது. அவ பாடத்தை ரயில் வேகத்தில் முணுமுணுப்பா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு ஓம் போடுவேன். ஒரு வசனமும் விளங்கவில்லை. லெமன் என்ற சொல் மட்டும் அடிக்கடி வந்தது. அது ஒரு சமையல் நாடகம், ஊறுகாய் போடுகிற கட்டம் நீளமாகப் போகிறது என்று மனைவிக்குச் சொன்னேன்.

பிறகுதான் சிக்கல். முழு ஒத்திகையில் நான் இல்லை. அவ இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டா. மறுநாள் முதல் பக்கத்திலேயே. மூன்றாம் நாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டா. கறுப்பு உடுப்பைத் தவிர வேறு போட்டறியாத இளம் பெண். தரைக்குப் போட்ட மருந்து பிழையாகிவிட்டது, வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே எல்லாரும் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். ஓம் கேட்காமல் அவவுக்கு வரி வரவில்லையாம், என்னிடம் அதைச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள்.

முதலில் அதைப் பதிவு செய்தார்கள். சந்தோச ஓம், சந்தேக ஓம், அலுத்த ஓம் என்று நாற்பது. சத்தத்துக்குப் பொறுப்பான பெடியன் பட்டனை அமத்த, நடிகை அரைப் பக்கம் போய் நின்றுவிட்டா. அது சொல்லுகிறதே தவிரக் கேட்கவில்லை என்றா. பிறகு ஒரு நடிகரைப் பிடித்து வந்தார்கள். அவர் கண்ணை மூடி, கையைக் கூப்பி, யோகா வகுப்பில் மாதிரி இழுத்தார். அவ அப்போதே வீட்டுக்குப் போய்விட்டா.

மூன்றாம் வரிசையில் மாற்று நடிகை ஒருத்தி எப்போதும் இருப்பாள். பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு, எல்லா வரியையும் சத்தமில்லாமல் வாயால் சொல்லிப் பார்ப்பாள். முதல் நாள் காட்சியில் நடிகை தடக்கினால் மறுநாள் இருந்து இவள்தான் என்று தயாரிப்பாளர் முடிவு செய்துவிட்டார். அதை நடிகைக்கும் சொல்லிவிட்டார்கள். மறுநாள் விடிய எனக்கு முன்னமே வந்து அவ பூட்டின கதவடியில் நின்றதைக் கண்டதால்தான், காட்சியிலும் ஓம் போட நான் சம்மதித்தேன். இல்லாவிட்டால் கார் பார்க்தான்.

மேடையில் ஒரு குசினி கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பிரிட்ஜ். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். சபைக்கு நான் தெரியமாட்டேன். ஆனாலும் எனக்கு உடுப்பு அளவெடுத்தார்கள், முகத்துக்குப் பவுடர் பூசினார்கள், தீப்பிடித்தால் எந்த வழியால் ஓடுவது என்று அரைநாள் வகுப்பு வைத்தார்கள். நடிப்பு எங்கே பயின்றது என்று ஒரு படிவம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை போன பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பாடத்தில் முப்பத்தொரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, இங்கெல்லாம் ஓம் என்றார்கள். எந்த உணர்வில் நின்று சொல்கிறேன் என்று இயக்குநர் கேட்டா. கதிரையில் இருந்துகொண்டு சொல்கிறேன் என்றேன். அவ அதைக் குறித்துக்கொண்டா.

முதல் நாள். மண்டபம் நிறைந்த சனம். மனைவி நடு வரிசையில், கோயிலுக்குக் கட்டுகிற சேலையில். நடிகை நன்றாகத் தொடங்கினா. என் ஓமும் நேரத்துக்கு விழுந்தது. ஆனால் இரண்டு விசயத்தை யாரும் யோசிக்கவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று அன்று அவ ஆறுதலாக, சொல் சொல்லாகத் தெளிவாகப் பேசினா. என் கையில் இரைகிற வாக்கூமும் இல்லை. முதல்தரமாக நான் கதையைக் கேட்டேன்.

அது ஊறுகாய் இல்லை. கதையில் வருகிற பெண்ணின் புருசன் ஆசையாக ஒரு நாய் வளர்த்திருக்கிறான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், பிடிக்காத அந்த நாயை அவள் இரண்டு தெரு தள்ளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்த புருசனிடம், நாய் செத்துப்போனது, லெமன் மரத்தடியில் தாட்டுவிட்டேன் என்று சொன்னாள். அந்த மனுசன் சாகும்வரை பதினொரு வருசம், ஒவ்வொரு பின்னேரமும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மரத்தடியில் இருந்து நாயோடு பேசினான். கீழே ஒன்றுமில்லை. வெறும் மண்.

இதற்கெல்லாம் மூன்று கிழமையாக ஓம் போட்டிருக்கிறேன்.

முடிய இன்னும் பன்னிரண்டு நிமிசம் இருக்கிற இடம். அவ மேசையில் கையை ஊன்றிக் கேட்கிறா: சொல்லாமல் விட்டது சரிதானே?

அது இருபத்தைந்தாவது வட்டம். எனக்கு வாய் வரவில்லை.

சபையில் யாரோ இனிப்புத் தாள் பிரிக்கிற சத்தம் கேட்டது. ஓரத்தில் நின்ற இயக்குநர் இரண்டு கையையும் ஆட்டி, வாயை வட்டமாகக் குவித்து எனக்குக் காட்டினா. அவவுக்குப் பக்கத்தில் வந்து நின்ற மாற்று நடிகையும் வாயைக் குவித்தாள். ஆனால் அவள் அடுத்த வரியைச் சொல்லிப் பார்த்தாளோ தெரியாது.

நடிகை மெல்ல நடந்து வந்து பிரிட்ஜைத் திறந்தா. உள்ளே லைட் பத்தியது. பிளாஸ்டிக் கோழிக்கும் சீஸ் கட்டிக்கும் நடுவில் அவவின் முகத்தைக் கண்டேன். அவவும் என்னைக் கண்டா. கண் நிறையப் பயம். மறந்துவிட்டது, கை கொடு என்கிற பார்வை. அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டா.

"இல்லை," என்றேன். "சொல்லியிருக்கோணும்."

தமிழ் அவவுக்கு எங்கே விளங்கப்போகிறது? ஆனால் என் தலை ஆடியது விளங்கியிருக்கும். கன்னத்தில் அடி வாங்கினவ மாதிரி நின்றா. பிறகு கதவை அறைந்து சாத்தினா. கோழி என் மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு அவ பிரிட்ஜோடு சண்டை பிடித்த சண்டை! அவ்வளவும் பாடத்தில் இருந்த வரிகள்தான். ஒன்றும் தவறவில்லை. மூச்சு விட இடம் வைக்காமல் பன்னிரண்டு நிமிசமும் பேசி முடித்தா. மிச்ச ஆறு ஓமும் என்னிடமே இருந்துவிட்டன. சனம் எழும்பி நின்று கைதட்டியது. நான் கோழியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி காருக்குள் வைத்துக் கேட்டாள்.

"ஏனப்பா இல்லை எண்டனீங்கள்? அந்த மனுசியின்ரை பிழைப்பிலை மண் விழப்பாத்தது."

"அந்த மனுசன் பாவம்."

"அப்பிடி ஒரு மனுசனே இல்லை. நாயுமில்லை. ஆரோ எழுதினது."

"அப்ப ஏன் அவ என்னட்டைக் கேட்டவ?"

வீடு வந்து காரை விட்டு இறங்கும்போது, "கேட்டால் சொல்லத்தானே வேணும்," என்றாள்.

ஒரு பத்திரிகை, மேடையில் குளிர்சாதனப் பெட்டியைப் பிறமொழியில் பேசவைத்தது துணிச்சலான முயற்சி என்று எழுதியது. மறுநாள் பின்னேரம் இயக்குநர் கூட்டம் வைத்தா. அந்த இடத்தில் இனி ஓமா, இல்லையா, இப்போதே சொல்லவேண்டும், லைட் போடுகிறவருக்குத் தெரியவேண்டும் என்றா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டுப்போட்டுத்தான் சொல்லலாம் என்றேன். இயக்குநர் தலையில் கை வைத்தா.

நடிகை முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தவ, கண்ணாடியில் என்னைப் பார்த்தா. பாடம் இப்போது தன்னிடம் முழுதாக இருக்கிறது, அதற்கு நான் தேவையில்லை என்றா. ஆனால் பிரிட்ஜுக்குப் பின்னால் என் கதிரையை எடுக்கவேண்டாம், நான் இருந்து கேட்கவேண்டும் என்றா. பிறகு இயக்குநரிடம், அந்தக் கோழியைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொன்னா.