அஜ்மான் ஷெட்டில் ஓர் ஆங்கிலச் சந்தையூர்

பச்சைக் கதவு

சுண்டுவிரல் நகமளவு கதவை இடுக்கியில் பிடித்து, பசை தொட்டுச் சுவரில் வைக்கப்போகும்போது, “அது பச்சைக் கதவு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கட்டடங்களுக்கு மாடல் செய்கிறவன் மூச்சை அடக்கியிருக்கும்போது பின்னால் நின்று பேசக்கூடாது. எங்கள் தொழிலில் வேறு விதி கிடையாது. கதவு எங்கோ விழுந்துவிட்டது. இதே வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நானும் என்னோடு வேலை செய்யும் செல்வமும் முட்டிபோட்டுத் தேடினோம். பேசியவரும் கூடவே முட்டிபோட்டார்.

அவர் ஹென்றி சார். துபாயில் எதைக் கட்டினாலும் விற்ற வருடங்கள் அவை. பாலைவனத்தில் ஓர் ஆங்கிலச் சந்தையூரையே கட்டி, வீடு வீடாக விற்க ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. தன் சொந்த ஊரின் வரலாற்றைத் தேடித் தொகுப்பதில் பாதி ஆயுளைக் கழித்த ஹென்றியை ஆலோசனைக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவர் கொண்டுவந்த பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து, அந்த ஊரைக் கல்யாண மேடை அகலத்துக்கு, துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில், எங்கள் ஷெட்டில் எழுப்பிக்கொண்டிருந்தோம். நான் தவறவிட்ட கதவு, சந்தைத் திடலின் மூலையில் இருந்த இரும்புக்கடையுடையது. அவருடைய அப்பாவின் கடை. ஆணி, கயிறு, வாளி விற்றார். சாலையை அகலமாக்க அதை அங்கே இடித்துவிட்டார்கள். “மாடலில் நிற்பதைத்தான் கம்பெனி கட்டும். இது நின்றால் மறுபடியும் நிஜமாக எழும்” என்றார் ஹென்றி. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

கதவைச் செல்வம்தான் கண்டுபிடித்தான். அவன் தமிழில் சொன்னதை நான் ஹென்றிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். “சார், அது உங்க முட்டியில ஒட்டியிருக்கு. இனிமே கடைய யாரு இடிச்சாலும் கதவு உங்ககிட்டதான்.”

சர்ச் வாசல்

செல்வத்துக்கு மணப்பாறை. கையில் நடுக்கமே கிடையாது. சர்ச் கட்டடத்தை அவனிடம் கொடுத்திருந்தேன். மறுநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கல், ஓடு, வண்ணக் கண்ணாடி எல்லாம் அச்சு அசல். வாசல் படியருகே மட்டும் கடுகு கடுகாக ஏதோ வரிசையில் இருந்தது. எல்லாம் செருப்புகள். ஜோடி ஜோடியாக, வார் உட்பட.

“வெள்ளக்காரன் செருப்போடதான்டா உள்ள போவான்.”

“எங்க ஊரு மாதா கோயில்ல வெளியதாண்ணே விடுவோம். சாமி மாறவா போகுது?”

பிளேடால் சுரண்ட ஆரம்பித்தபோது ஹென்றி வந்துவிட்டார். கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கி வெகுநேரம் குனிந்திருந்தார். இரண்டு வார வேலை போயிற்று என்று நினைத்தேன். நிமிர்ந்து சொன்னார்: “இருக்கட்டும். எங்கள் சர்ச்சுக்கு ஒரே நேரத்தில் இத்தனை பேர் வந்து வெகுகாலம் ஆகிறது.”

துண்டுக்குள் கை

கடைத்தெரு இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் வயிறு பெருத்துக் கிடந்தது. வரைபடத்தில் பிழை என்று நினைத்துக் கேட்டேன். ஹென்றி அப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தார்போல. வியாழன் தோறும் அங்கே ஆட்டுச்சந்தையாம். மந்தை நிற்கத்தான் அந்த அகலம். சந்தை மணி அடிக்கும் முன்னால் ஒரு குட்டியைக்கூட யாரும் வாங்க முடியாது. சொல்லிக்கொண்டே கைகளை விரித்து, இல்லாத ஆடுகளை எங்கள் மேசைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனார். பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மலையாளி ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார்.

நான் தமிழில் சொன்னதும் செல்வத்துக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. மாட்டுச்சந்தைக்குப் பேர்போன மணப்பாறைக்காரன் அல்லவா. சாயங்காலத்துக்குள், ஆட்டுப்பட்டி அருகே நெல்மணி உயரத்தில் இரண்டு ஆள் பொம்மைகள் நின்றன. கோத்த கைகளின்மேல் சிவப்புத் துணி. இது என்ன என்றார் ஹென்றி. செல்வம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டான். மாட்டுத் தரகில் விரலைப் பிடித்தால் ஒரு விலை, மடக்கினால் ஒரு விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. பொதுவாக ஒரு பாஷை இல்லாத அந்த இருவரும் நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அன்று பலமுறை வாங்கி விற்றார்கள். கடைசியில் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்க மனமில்லாமல் ஹென்றி சொன்னார்: “எங்கள் ஊரில் விலையைக் கூவித்தான் சொல்வார்கள். இது தெரிந்திருந்தால் என் அப்பா கொஞ்சம் லாபம் பார்த்திருப்பார்.”

நீரூற்று

ஷோரூம் திறப்புக்கு முந்தின நாள் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர் சமீர் ஷெட்டுக்கு வந்தார். ஷோரூமில் ஒட்டுவதற்கு நாங்கள் தயாரித்து வைத்திருந்த சிவப்புப் பொட்டுகளை முதலில் சரிபார்த்தார். ஒரு கட்டடம் விற்றுவிட்டால் அதன் கூரையில் ஒரு பொட்டு. பொட்டு விழுந்தபின் அதன் ஜன்னலைக்கூட யாரும் மாற்றக் கூடாது. வாங்கியவர் சண்டைக்கு வருவார்.

பிறகு மாடலைச் சுற்றி வந்து, மூலைக்கடைமுன் நின்றார். “இந்தப் பழைய கடை வேண்டாம். இங்கே நீரூற்று வரட்டும். ஃபேமிலி போட்டோ எடுக்கும்.” ஹென்றி ‘சந்தை, மணி, மூன்று தலைமுறை’ என்று ஆரம்பித்தார். சமீர் பொறுமையாகக் கேட்டார். நாளை முதலாளி பார்த்துத் தலையாட்டியதும் கடையை எடுத்துவிட்டு நீரூற்றை வைக்கும்படி என்னிடம் சொன்னார். செல்வம் நீரூற்று செய்தான். நன்றாகவே செய்தான். போகும்போது சமீர் ஹென்றியின் தோளைத் தட்டினார்: “ஹிஸ்டரியை யார் அட்வான்ஸ் கொடுத்து புக் பண்ணுவாங்க, ஹென்றி?”

சிவப்புப் பொட்டு

மறுநாள் மாடலை ஷோரூமில் வைத்து முடித்ததும், அர்பாப், அதாவது அரபுக்காரரான கம்பெனி முதலாளி, பரிவாரத்தோடு உள்ளே வந்தார். நீரூற்று இருந்த அட்டைப்பெட்டியோடு நான் ஓரமாக நின்றேன். செல்வம் இடுக்கியோடு தயாராக இருந்தான். பெருத்த தெருவைக் கண்டதும் அர்பாப் காரணம் கேட்டார். ஹென்றி ஆட்டுச்சந்தையைச் சொல்ல, அவர் ரசித்துச் சிரித்து, கார் எங்கே நிறுத்துவது என்றார். “ஆடு நின்ற இடத்தில்” என்றார் ஹென்றி. அர்பாப் திருப்தியாகத் தலையாட்டினார்.

“அந்த மூலையில் மட்டும் ஒரு சின்ன மாற்றம், அர்பாப்” என்று சமீர் ஆரம்பித்தார். அர்பாப் குனிந்து மூலையைப் பார்த்தார். அவருடைய விரல் இரும்புக்கடைக் கூரைமேல் நின்றது. அங்கே ஒரு சிவப்புப் பொட்டு.

“விற்றுவிட்டதா? திறக்கும் முன்பேயா?”

எல்லோரும் சமீரைப் பார்த்தார்கள். முதலாளி முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் கண்டபின் இல்லை என்று சொல்ல எந்த சேல்ஸ் மேனேஜருக்கு வாய் வரும்? “ஆமாம் அர்பாப். முதல் புக்கிங்” என்றார். கைதட்டல் எழுந்தது. அப்படியானால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அர்பாப் அடுத்த தெருவுக்கு நகர்ந்தார். நான் நீரூற்றுப் பெட்டியை மூடினேன். சமீர் என் காதருகே வந்து இந்தியில் கேட்டார்: “பாய், யார் வாங்கினது?”

எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆங்கில ஊர் ஒன்றின் வரலாறு தன்னால் காப்பாற்ற முடியாத கடையை, கால் திர்ஹம் பெறாத எங்கள் ஸ்டிக்கர் காப்பாற்றிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

எல்லோரும் ஜூஸ் மேசைப் பக்கம் போனார்கள். ஹென்றி பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, வலது கைமேல் விரித்துச் செல்வத்திடம் நீட்டினார். செல்வம் இடுக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கைக்குட்டைக்குள் கையை விட்டான்.