கோட்டில் இரண்டு வில்லைகள்

இந்த நார்வே ஊரில் வாக்கெடுப்பு வந்தாலும் வீட்டுச் சுவர்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. எழுத்தை மனிதர்கள் சுமந்து திரிகிறார்கள். ஐரோப்பியப் பொதுச் சந்தை ஒப்பந்தத்தில் நாடு சேரலாமா என்று மக்களையே கேட்ட 1972இல், ரொட்டிக் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோர் கோட்டிலும் ஒரு வட்ட வில்லை இருந்தது. 'நேய்' என்றால் வேண்டாம், 'யா' என்றால் ஆம்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஆர்னே மீனவர். ஒப்பந்தம் வந்தால் வெளிநாட்டுப் பெரிய படகுகள் கரையோரம்வரை வலை போடும், தம் சிறு படகை விற்க வேண்டியதுதான் என்று பயந்தார். காப்பிக் கோப்பையின் பக்கத்தில் ஒரு 'நேய்' வில்லையை வைத்தார். குத்திக்கொண்டேன். மறுநாள் மீன் ஆலையில், என் வேலை அனுமதிக்கு ஆண்டுதோறும் பரிந்துரைக்கும் மேற்பார்வையாளர் 'யா' வில்லையை நீட்டினார். அதையும் மறுபக்கம் குத்திக்கொண்டேன்.

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. தமிழ்நாட்டில் என் ஊரான எருமப்பட்டியில், தேர்தல் வந்தால் எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரில் ஒரு கட்சிச் சின்னம், தெற்குச் சுவரில் எதிர்க்கட்சிச் சின்னம். "கேட்டு வந்தவங்கள இல்லைன்னு அனுப்பறதா சாமி? செவுரு மரியாதைக்கு. ஓட்டு நம்ம மனசுக்கு" என்பார் அப்பா.

மாலையில் ஆர்னே என் கோட்டைப் பார்த்தார்.

"உனக்கு இங்கே வாக்கு இல்லை. இருந்தது ஒரு கோட்டு. அதையும் பங்கு போட்டுவிட்டாயா?"

சுவர்க் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"உன் அப்பா நிலத்தை எடுக்க வந்தவனுக்கும் சுவர் கொடுப்பாரா?" என்று கேட்டுவிட்டு மாடியேறிப் போனார். அன்று சேர்ந்து சாப்பிடவில்லை.

கொடுக்கவில்லை. எங்கள் கிணற்றுக்காட்டை ஆலைக்காக வளைக்கப் பார்த்தவர் ஒருமுறை தேர்தலில் நின்றார். அவருடைய ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார். "இது செவுத்துச் சமாச்சாரம் இல்லீங்க, ஊட்டுச் சமாச்சாரம். போயிட்டு வாங்க." அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

காலையில் 'யா' வில்லையை மேற்பார்வையாளரின் மேசையில் வைத்தேன். அவர் அதை விரலால் சுழற்றினார். "உன் அனுமதி அடுத்த மாதம் முடிகிறது, தெரியுமல்லவா?" "தெரியும்" என்றேன். அந்த மாதம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. பரிந்துரை வந்தது, கடைசி வாரத்தில்.

வேண்டாம் என்றவர்களே வென்றார்கள். ஆர்னே என் தோளை உலுக்கி, "நாம் ஜெயித்தோம்" என்றார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வாக்குப்பதிவு நாள்தான். ஆர்னே தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் போனார். போகிறவர்கள் என் வில்லையைப் பார்த்துத் தலையசைத்தார்கள். எருமப்பட்டி வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் இருந்தது, ஆள் அங்கே இல்லை. ஆள் நின்ற இந்த வாசலுக்குள் பெயர் இல்லை. தூறல் விழுந்தது. ஆர்னேயின் தொப்பி நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெறுந்தலையோடு வெளியே நின்றேன்.