அப்பா கல் வைத்த சீகை மரம்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். என்னை எழுதச் சொன்ன பெரியவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். அப்பா விறகு பொறுக்கியதை எழுத வேண்டாமாம். மின்சார வேலையில் இருந்து மரியாதையாக ஓய்வு பெற்ற மனிதர் காட்டில் சுள்ளி பொறுக்கினார் என்று அச்சில் வந்தால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சலாம். "தோட்டக்கலையில் ஆர்வம் உள்ளவர்னு போட்டுக்கலாமே" என்று ஒருவர் யோசனையும் சொன்னார். எங்கள் அப்பா வாழ்நாளில் ஒரு ரோஜாச் செடி நட்டதில்லை. ஆகவே நான் விறகைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அப்பா பிறந்தது மஞ்சூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டின் லைன் வீட்டில். குந்தா அணை கட்டும் வேலைக்கு வந்த தாத்தா நெஞ்சுச் சளியில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அதோடு அப்பாவின் பள்ளிக்கூடமும் நின்றது. பவர்ஹவுஸில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு மின்கம்பி லைன் வேலைக்கு மாறி, அதிலேயே நிரந்தரமும் ஆனார். தன் ஒரே தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, படிக்க வைத்தது அப்பா. கல்யாணம் செய்து வைத்ததும் அப்பா. சித்தப்பா இன்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் நடத்துகிறாரே, அந்த இடத்தில் தனக்கு வர வேண்டிய பாகத்தையும் அவருக்கே விட்டுக் கொடுத்தவர் அப்பா. இதைச் சித்தப்பாவே பெருமையாக எல்லோரிடமும் சொல்லுவார்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அப்பா முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். அவர் சரிசெய்து ஓடவிட்ட கரண்ட் மலையிறங்கிப் போய்க் கோயம்புத்தூரில் ஏ.சி. ஓட்டியது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளிர்காலம் ஹீட்டர் வைத்துப் பார்த்தோம். பில் வந்ததும் அம்மா அதற்கு ஒரு பழைய துண்டைப் போர்த்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அடுப்புக்குக் கேஸ் உண்டு. ஆனால் உறைபனி விழுகிற மாதங்களில் கேஸை எரித்துக்கொண்டு குளிர்காய முடியாது. மஞ்சூரில் ஒரு ஜனவரியாவது இருந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மே மாதம் மட்டும் வந்து சால்வை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போகும் உறவினர்களுக்காகத்தான் சொல்கிறேன். நீங்கள் எங்கள் வீட்டுக் கணப்பின் முன்னால் கை நீட்டி உட்கார்ந்து, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங் மாமா?" என்று கேட்டீர்களே, அந்தக் கணப்பில் எரிந்தது அப்பா தோளில் சுமந்து வந்த விறகு.

ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் பாதி நாள் அவர் காலையிலேயே கயிற்றையும் கொடுவாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எஸ்டேட்டில் செடிகளைக் கவாத்து வெட்டினால் தேயிலை மிலாறு, அதாவது வெட்டிய குச்சிகள், கிடைக்கும். காற்றடித்த மறுநாள் ரோட்டோரத்தில் கற்பூரமர, அதாவது யூகலிப்டஸ், கிளைகள் கிடக்கும். காய்ந்து விழுந்ததைத்தான் எடுப்பார். நிற்கிற மரத்தில் கொடுவாள் வைக்க மாட்டார். வீட்டுக்குக் கொண்டு வந்து கூரைச் சார்ப்பின் கீழே அடுக்கி, பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவுக்கும் ஒரு பங்கு போடுவார். அந்த அக்காவுக்கு முழங்கால் வலி, மேட்டில் ஏற முடியாது. ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை இரவு எங்கள் கோயில் முற்றத்தில் மூட்டும் புதுத்தீக்கும் அப்பாதான் விறகு கொடுப்பார். நனையாத, நேரான கட்டைகளாகப் பார்த்துப் பொங்கலுக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

விறகுக்குப் போகிறவர்களிடம் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. விழுந்து கிடக்கும் மரம் ஒரே நாளில் சுமக்க முடியாததாக இருந்தால், முதலில் பார்த்தவர் அதன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வருவார். கல் இருந்தால் அது ஒருவருக்கு ஆன மரம், வேறு யாரும் தொட மாட்டார்கள். இதற்கு யாரும் காவல் இருந்ததில்லை, சண்டை வந்ததும் இல்லை.

அப்பா இறப்பதற்கு ஒன்றரை வருடம் முன்பு, ஆடிக் காற்றில், சித்தப்பாவின் காட்டேஜுக்கு மேலே இருக்கும் சரிவில், வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காகக் கொண்டு வந்து நட்ட இனமான ஒரு பெரிய சீகை மரம் வேரோடு சாய்ந்தது. அப்பா கல் வைத்துவிட்டு வந்தார். நன்றாகக் காயட்டும், மார்கழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஒரு நாள் அவர் போனபோது அங்கே மரத்தூள்தான் கிடந்தது. யாரோ மெஷின் ரம்பத்தில் அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். அதோடு விட்டார்களா? பக்கத்தில் பச்சையாக நின்ற, சட்டப்படி தொடவே கூடாத இரண்டு சோலை மரங்களையும் அடியோடு அறுத்திருந்தார்கள். கல் மட்டும் ஓரமாகக் கிடந்தது.

மறுநாள் காட்டு இலாகா வாட்சர் வந்தார். வெட்டியது யார் என்று காட்டேஜில் விசாரித்திருக்கிறார். "எங்கண்ணன்தானுங்க அங்க கல் வெச்சுட்டு வருவாரு" என்று பதில் கிடைத்திருக்கிறது.

டீக்கடை முன்னால், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, வாட்சர் கையோடு எடுத்து வந்திருந்த அந்தக் கல்லை அப்பாவிடம் காட்டிக் கேட்டார்.

"ஐயா, இது உங்க கல்லுங்களா?"

"எம்பட கல்லுதானுங்க."

"அப்ப மரம்?"

"மரத்தை நான் வெட்டலைங்க."

"வேற யாருங்க வெட்டுனது?"

அப்பா பதில் சொல்லவில்லை. வாட்சர் நல்ல மனிதர், வயதைப் பார்த்துக் கேஸ் எழுதவில்லை. கொடுவாளை மட்டும் வாங்கிக்கொண்டு, இனிமேல் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கல் என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதுவும் நடந்திருக்காது. அதைக்கூடப் பொய்யாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த மனிதரைத்தான் இந்த ஊர் மரத் திருடர் என்றது.

வெட்டியது யார் என்று அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. காட்டேஜ் ஆட்கள் விடிகாலையில் ரோட்டோரத்தில் நின்று ஜீப்பில் கட்டை ஏற்றியதைப் பிலோமினா அக்கா கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அம்மா கெஞ்சினார்: "ஏனுங்க, உங்க தம்பிதான்னு சொல்லிப்போடுங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பேரு?"

"சொன்னா காட்டேஜை மூடிப்போடுவாங்க. அவனுக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைக. விடு."

விட்டார். அப்பா மீதும் எனக்குக் கோபம் உண்டு என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். தம்பிக்குப் பாகத்தை விட்டுக் கொடுத்தது சரி, பேரையுமா விட்டுக் கொடுப்பது?

அடுத்து வந்த பெரிய சனிக்கிழமைப் புதுத்தீக்கு எங்கள் வீட்டு விறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார், "நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க, இந்த ஒரு தடவை வேண்டாமுங்க" என்று. சார்ப்பின் கீழே தனியாக எடுத்து வைத்திருந்த கட்டைகளை அப்பா ஒரு சாக்கால் மூடினார். அந்த வருடம் விறகு யார் கொடுத்தது தெரியுமா? சித்தப்பாவின் காட்டேஜில் இருந்து வந்தது, காய்ந்த சீகைக் கட்டை. கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி நன்றியும் சொன்னார்கள். அப்பா எல்லோரோடும் வரிசையில் நின்று, அந்தத் தீயில் இருந்து வந்த வெளிச்சத்தில் தன் மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "எப்படிங்கப்பா உங்களால முடிஞ்சுது?"

"நெருப்பு என்னங் கண்ணு பண்ணுச்சு? யாரு கொண்டாந்தாங்கன்னு அதுக்குத் தெரியுமா?"

அதன் பிறகு அப்பா விறகுக்குப் போகவில்லை. கயிறு ஆணியிலேயே தொங்கியது. நான் குன்னூரில் பள்ளி ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். வரும்போது கடை விறகு வாங்கிப் போட்டேன். "காசு குடுத்து எதுக்குங் கண்ணு" என்று அதையும் சிக்கனமாகத்தான் எரித்தார். அடுத்த மார்கழியில் சளி பிடித்தது, நெஞ்சில் கட்டியது, ஜனவரியில் போய்விட்டார். டாக்டர் வயசு என்றார். நானும் வயசு என்றே எழுதுகிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு சித்தப்பாவைத் தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"ஏனுங் சித்தப்பா, அந்தச் சீகையை அறுத்தது யாருங்க?"

"இப்ப எதுக்குங் கண்ணு அதெல்லாம்? அண்ணனே ஒரு வார்த்தை பேசல."

"அவரு பேசாததாலதானுங்க நான் கேக்கறேன்."

பிறகு சொன்னார்: "கெஸ்ட் நெறைய வந்துட்டாங்க, கேம்ப் ஃபயர் கேட்டாங்க. பசங்க பக்கத்து மரத்தையும் சேத்து அறுத்துப்போட்டானுக. வாட்சர் திடீர்னு வந்து நின்னாரு, வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன். கேஸு கீஸுன்னு ஒண்ணும் ஆகலியே கண்ணு."

ஒன்றும் ஆகவில்லையாம்! டீக்கடையில் அப்பா வந்தால் பேச்சு நின்றது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. இறந்த வீட்டுக்கு வந்த ஒருவர், என் காதுபடவே, "நல்ல மனுசன், அந்த மர விஷயத்துலதான் பேரைக் கெடுத்துக்கிட்டாரு" என்றார். அவரும் இந்த மலரை இப்போது கையில் வைத்திருப்பார். வைத்திருக்கட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடைசி வாரம் தினமும் வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. கடைசி நேரத்து அவஸ்தைப்பூசுதல் கொடுக்க மழையில் நடந்தே வந்த பங்குத்தந்தைக்கு நன்றி. அடக்கத்தன்று வந்தவர்கள் குளிரில் நடுங்கக் கூடாதென்று, அப்பா தனக்குக் கொடுத்திருந்த விறகையெல்லாம் முழங்கால் வலியோடு கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்ட பிலோமினா அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பெட்டி வாங்கி, வண்டி பேசி, கல்லறைத் தோட்டம் வரை தோள் கொடுத்துத் தூக்கிய சித்தப்பாவுக்கும் நன்றி. அன்று அவர் அழுதது உண்மையான அழுகை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் சித்தப்பா, அழுகை யாருக்கும் எதையும் சொல்லவில்லை. கட்டுரையில் விறகு வேண்டாம் என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான். கௌரவம் என்றீர்கள். சரி, கௌரவத்தையே கேட்கிறேன். உங்கள் பெண்கள் இருவரும் கல்யாணமாகி நல்லபடியாக இருக்கிறார்கள். அப்பா பயந்த காரணம் இப்போது இல்லை. இந்தத் திருப்பலி முடிந்து எல்லோரும் இதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். அப்போது கோயில் வாசலில் நின்று, "எங்கண்ணன் மரம் வெட்டலைங்க, நான் சொன்னது பொய்யிங்க" என்று நீங்கள் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும்வரை அம்மாவும் நானும் வாசலைவிட்டுப் போக மாட்டோம்.