மோர்னிங்சைட் இளவரசி

தொண்ணூறுகளின் நடுவில், நான் அகதியாக வந்து சேர்ந்த ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் தனியாக இருந்த சீன அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. காலையில் போய்க் குளிக்க வார்த்து, சமைத்து வைத்து, மருந்து கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்புவேன். போன சில நாட்களிலேயே, தான் சீனாவின் கடைசி அரச வம்சத்து இளவரசி என்று சொன்னார்.

நான் நம்பவில்லை. எங்கள் சனத்திலேயே எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். ஊரில் ஒற்றை அறையில் இருந்தவர்கள் ஸ்காபரோவுக்கு வந்ததும் நடுமுற்றம் வைத்த பெரிய நாற்சார் வீட்டுக்காரராகிவிடுவார்கள்.

ஹொங்கொங்கில் நெடுங்காலம் இருந்ததால் அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். என்னுடையதும் அந்தளவுதான். பீஜிங்கில் அப்பாவுக்கு மாளிகை இருந்ததாம். அரசாட்சி கவிழ்ந்தபோது இவர் சின்னப் பிள்ளை. பிறகு வருமானம் நின்றுபோக, வீட்டின் சித்திர வேலைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுச் சாப்பிட்டார்களாம். கடைசியில் படுக்கை அறைக்கே கதவில்லை. பனிக்காலத்தில் கம்பளத்தைத் தொங்கவிட்டுப் படுத்தோம் என்றார். நல்ல கதைதான். ஆனால் அந்த வீட்டு வேலைக்காரிக்கும் இதெல்லாம் தெரிந்திருக்குமே என்று நினைத்தேன்.

அதனால் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். படுக்கை விரிப்பை என்னைவிட நேர்த்தியாக மடிப்பார். நான் தேத்தண்ணி குடித்த கோப்பையை நான் எழும்புமுன்பே கழுவிவிடுவார். இளவரசி இப்படியா? ஒருநாள் குளிக்க வார்க்கும்போது பாதங்களைப் பார்த்தேன். அகன்ற, சாதாரணப் பாதங்கள். பெரிய இடத்துச் சீனப் பெண்களுக்குக் குழந்தையிலேயே காலைக் கட்டிச் சிறிதாக்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆள் பிடிபட்டுவிட்டார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

அவருடைய மகன் றிச்மண்ட் ஹில்லில் இருந்தார். அடுத்தமுறை அவர் வந்தபோது, கடைசி அரச வம்சத்துப் பெண்களுக்கும் காலைக் கட்டுவார்களா என்று மெல்லக் கேட்டேன். அந்த அரச வம்சத்தார் மஞ்சு இனத்தவர், அவர்கள் கால் கட்டுவதில்லை என்றார். ஏன் கேட்கிறேன் என்றார். அம்மா தன்னை இளவரசி என்றதைச் சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

தான் ஒரு வேலைக்காரியின் மகள் என்றுதான் அம்மா அவருக்கு எப்போதும் சொல்லியிருக்கிறார். அவர் அதை முழுதாக நம்பியதில்லை. வேலைக்காரியின் மகளுக்குப் பழைய அரண்மனை எழுத்தை வாசிக்க யார் படிப்பித்தார்கள் என்பது அவருடைய சின்ன வயதுச் சந்தேகம். நான் ஒரு பக்கத்தால் தோண்ட, அவர் மறுபக்கத்தால் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சீனப் புது வருடத்துக்கு முன்பு, முதியோர் சங்கத்து ஆள் ஒருவரை மகன் கூட்டிக்கொண்டு வந்தார். விழா மேடையில் அம்மாவை இளவரசியாக இருத்துவதற்குப் ஒரு பெட்டியில் பட்டு அங்கியும் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா அதைத் தடவிப் பார்த்தார், பெட்டியை மூடினார், சீனத்தில் ஏதோ சொன்னார். வந்தவரின் முகம் கறுத்தது. தான் வேலைக்காரியின் மகள், ஆள் மாறி வந்துவிட்டீர்கள் என்று சொன்னதாக மகன் எனக்குச் சொன்னார்.

அவர்கள் போனபிறகு கேட்டேன், எது உண்மை என்று.

"பட்டாளம் வந்து ஆர் எண்டு கேக்கேக்க வேலைக்காரி எண்டு சொன்னன், விட்டிட்டினம்," என்றார். "உண்மையைச் சொன்ன அக்கா திரும்பி வரேல்லை."

"அப்ப எனக்கேன் சொன்னனீங்கள்?"

"நீ ஆருக்குச் சொல்லப்போறாய் எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னை நம்பித்தான் சொன்னாரா, அல்லது விசாரிக்க வழியில்லாத அகதிப் பெண்ணிடம் எதையும் அளக்கலாம் என்று நினைத்தாரா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். அதன்பிறகு பீஜிங் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் செத்துப்போனார். செத்தவீட்டுக்கு அந்தச் சங்கத்து ஆளும் வந்து, சவப்பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டார். மற்றவர்கள் தலையை மட்டும் தாழ்த்தினார்கள். மகன் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, அம்மா வேறென்ன சொன்னவ என்று கேட்டார். கதவு விற்ற கதையைச் சொன்னேன். அக்காவைப் பற்றிச் சொல்லாமல், அவ்வளவுதான் என்றேன்.

"இல்லை, நீங்கள் ஏதோ மறைக்கிறியள்," என்றார்.

இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவேயில்லை.