ஏழுமலை அண்ணன் பாதியில் நிறுத்திய ஆட்டம்

ஏழுமலை அண்ணன் இறந்துவிட்டார். இன்று காலை ஜவ்வாது மலையில், அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு இடிந்து இறங்கிவிட்டது.

மதியம்தான் உடலை எடுத்தார்களாம்... எழுதியதைத் திருப்பிப் படிக்கவில்லை. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. கலசப்பாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்ததே, அதைப் பார்த்துக்கொண்டவர். மலையிலிருந்து இறங்கி வந்து, கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்ட ஆள்.

காலேஜ் விட்டதும் நாங்கள் நாலைந்து பேர் அங்கேதான் கிடப்போம். கோட்டை கட்டி, படை திரட்டி, எதிரி ஊரைப் பிடிக்கிற ஒரு ஸ்ட்ராட்டஜி கேம். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாது. 'கோட்டை' என்றுதான் சொல்வோம்.

அதில் நம் முறை, எதிரி முறை என்றெல்லாம் கிடையாது. நாம் யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருப்பான்.

அண்ணனை ஜெயித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நாங்கள் வாள்வீரர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் ஒற்றைக் குதிரைக்காரனை மேப் ஓரமாகச் சுற்ற விட்டிருப்பார். கறுப்பாக மூடிக்கிடக்கும் இடத்தையெல்லாம் முதலில் திறந்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

"எங்கேர்ந்து இன்னா வருதுன்னு தெரியாம, இன்னாத்த கட்றது?" என்பார்.

பிறகு சென்டரை மூடிவிட்டார்கள். அண்ணன் மலைக்கே திரும்பி, வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை போட்டார். மஞ்சுளா அண்ணியைக் கட்டிக்கொண்டார். நான் மொபைல் சர்வீஸ் என்று வேலூரோடு நின்றுவிட்டேன்.

பழைய கேம்களை மறுபடி ஆடிப் பார்த்து இங்கே எழுதுவேன் அல்லவா... இந்த முறை 'கோட்டை' எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. அண்ணன் இல்லாமல் அதை ஆடி என்ன பிரயோஜனம்? போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

விடாத மழை. அவர் கம்ப்யூட்டரையும் என் லேப்டாப்பையும் ஒரு கேபிளில் இணைத்து, இருவரும் ஒரே அணியாக ஆரம்பித்தோம்.

அன்றைக்கு வாய் பிளந்து பார்த்த கிராபிக்ஸ்... இன்றைக்கு வீரர்களுக்கு முகமே இல்லை, வெறும் புள்ளி. பாலத்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் இப்போதும் முட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றன. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"இதுக்காடா சோறு தண்ணி இல்லாம கெடந்தோம்?"

ஆனால் எதிரி கிளம்பும்போது ஒரு முரசு ஒலிக்கும். அது மட்டும் கொஞ்சம்கூட பழசாகவில்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று தெரியாது, சத்தம் மட்டும் நெருங்கும். இருவரும் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தோம்.

அப்போதுதான் அண்ணி பின்கட்டிலிருந்து வந்தார். "ஊத்துத் தண்ணி இன்னிக்கும் செவப்பாதான் வருதுங்க. தெளியவே இல்ல."

அண்ணன் கேமை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு எழுந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

சரிவு ஆரம்பிக்கிற இடத்தில், தரையில் நீளமாக ஒரு வெடிப்பு. என் கை உள்ளே போகிற அகலம். அதற்கு மேலே நின்ற புளியமரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"போன வாரம் இது நேரா நின்னுக்கினு இருந்துச்சு" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

"கேம்ல இந்த மாதிரி மேட்டுக்கு அடில வூடு கட்டுவீங்களாண்ணா?"

"அதுல எடத்த நாம பாத்து எடுக்கலாம். இங்க எங்கப்பா குட்த்த எடம் இதான் தம்பி."

சொன்னாரே தவிர, அப்போதே அந்த வரிசையில் வீடு வீடாகப் போனார். மழை விடும் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். கடைசி வீட்டு கோவிந்தன் மட்டும், "எத்தினி மழ பாத்துக்கிறோம், நீ போ மாமா" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் கிளம்பும்போதும் ஆட்டம் பாதியிலேயே நின்றது.

"அடுத்த தபா முடிச்சிக்கலாம். மழ வுடட்டும்."

பஸ் வளைவில் திரும்பும்வரை நான் அந்தச் சரிவையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று நடந்ததை அண்ணி போனில் சொன்னார்.

விடிந்து கொஞ்ச நேரம். கோவிந்தன் வீட்டாரைத் தவிர எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார்கள். மேலே மரங்கள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம். அண்ணன் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு கோவிந்தன் வீட்டுப் பக்கம் ஓடியிருக்கிறார்.

"வேணாங்க, அவங்களே வந்துடுவாங்கன்னு சொன்னேன் தம்பி. 'கொழந்த இருக்குது மஞ்சுளா'ன்னாரு. அவ்ளோதான்... போய்ட்டாரு."

கதவை உதைத்துத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக் கோவிந்தன் கையில் திணித்து, அவன் மனைவியையும் முன்னால் பிடித்துத் தள்ளியிருக்கிறார். அவர்கள் மூவரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பின்னால் ஓடிவந்த அண்ணன் ரோடு வரை வந்து சேரவில்லை.

அவர்கள் திரும்பிப் பார்த்தபோது அங்கே வீடே இல்லையாம். யார் வீடும்.

கோவிந்தன் பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறானாம். குழந்தையை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறானாம்.

'கோட்டை' பற்றிக் கேட்டிருந்த நண்பர்களுக்கு... என்னால் இனி எழுத முடியாது. மன்னிக்கவும்.

நாளை அடக்கம். மலையிலேயே, சரிவு இல்லாத பக்கமாக இடம் பார்த்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ரோடு திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போனை வைக்கும்முன் அண்ணி சொன்னார்: "மண்ணு இன்னும் எறங்கிக்கினேதான் இருக்குது தம்பி. வர்றதா இருந்தா வெளிச்சத்துலயே வந்துட்டு போய்டு."

வெளிச்சத்திலேயே வந்துவிடுகிறேன், அண்ணா.