வாலடியில் ஒரு பருக்கை

கெல்லிவில் என்ற வெளிநாட்டுப் புறநகரில் வைதேகிக்கு இரண்டு பெருமை. வருஷம் தவறாமல் வைக்கும் கொலு ஒன்று, முட்டைகூட நுழையாத சமையலறை மற்றொன்று. அவள் பூனை சுப்புவுக்கும் தயிர்சாதம்தான் பிடிக்கும். அது தின்னும் கடைப் பிஸ்கட்டில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும் அவள் படித்துப் பார்த்ததில்லை.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவள் எதிர்வீட்டுப் பார்கவி. கொலு பார்க்க வந்தவள், பத்துப் பேர் நடுவில் குனிந்து சுப்புவின் வாலடியைப் பார்த்தாள்.

"ஐயோ, இது நாடாப்புழுத் துண்டு! குழந்தைங்களைக் கிட்ட விடாதீங்க."

"நல்லாப் பாரு. தயிர்சாதப் பருக்கை ஒட்டியிருக்கு" என்றாள் வைதேகி.

யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் கொலுவுக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. சுண்டல் அண்டாவோடு மிஞ்சியது.

வைதேகி தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "டாக்டர் கையெழுத்தோட காட்டுறேன். அப்புறம் சொன்னவங்க என் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேக்கணும்."

"விட்டுத் தொலையேன்" என்ற கணவன் கௌரிசங்கரோடு இரண்டு நாள் பேச்சில்லை.

விலங்கு மருத்துவர் யாமினி வாலைத் தூக்கிப் பார்த்தார். "நாடாப்புழுதான் ஆன்ட்டி. அரிசி மாதிரி இருக்கே, அது கழண்டு விழற துண்டு."

"எங்க வீடு சுத்த சைவம்! மாசாமாசம் தயிர்ல வேப்பிலைப் பொடி வேற கலந்து கொடுக்கிறேன்."

"தெள்ளுப்பூச்சி சைவம் பாக்காது ஆன்ட்டி. பூனை உடம்பை நக்கும்போது அதை முழுங்கிடும், அது மூலமா வரும். எலி தின்னாலும் வரும். வேப்பிலை உதவாது. எடைக்கேத்த மாத்திரை குடுங்க. தெள்ளுக்கு மாசம் ஒரு தடவை கழுத்துல விடற சொட்டு மருந்து, அதையும் விட்டுடாதீங்க."

வைதேகி காருக்குள் உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதாள். பார்கவி ஜெயிக்கக் கூடாது. அதற்காக எதையும் செய்வாள்.

மாத்திரையைத் துப்பிய சுப்புவைத் துண்டில் சுற்றி, மடியில் அமுக்கி, மறுபடி விழுங்க வைத்தாள். அதை வெளியே விடவில்லை. தரைவிரிப்பைத் தினமும் வாக்யூம் செய்தாள். அது படுக்கும் துணியை வெந்நீரில் அலசினாள். மலத்தட்டைப் பார்கவியைத் திட்டிக்கொண்டே தேய்த்துக் கழுவினாள். குழுவில் கேட்டவர்களுக்கு, "ரிசல்ட் வரணும்" என்றாள்.

ஆறு வாரம் கழித்து, புழு இல்லை என்று யாமினி எழுதிக் கொடுத்தார். தேதியைக் கட்டைவிரலால் மறைத்துப் படமெடுத்துக் குழுவில் போட்டாள் வைதேகி.

அன்று மாலையே பார்கவி மகளோடு வாசலில் நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அவசரப்பட்டுட்டேன் வைதேகி. நீ சொன்ன மாதிரி பருக்கையாத்தான் இருந்திருக்கும். எல்லார் முன்னாடியும் உன்னை அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சிடு."

சிறுமி சுப்புவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இந்த ஒரு காட்சிக்காகத்தான் வைதேகி ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"பரவாயில்ல, விடு" என்று சிரித்து, காபி கொடுத்து அனுப்பினாள்.

கதவைச் சாத்திய பிறகும் நெஞ்சு கொதித்தது. பார்கவி சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவளை என்றோ மன்னித்திருப்பாள்.