பாக்கியநாதன் முட்டியப் புடிச்ச கை

எங்க சம்பந்தி பாக்கியநாதன், கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு பிளாஸ்டிக் கம்பெனில இருவத்தாறு வருசமா மூட்டை தூக்குற போர்க்லிப்ட் வண்டி ஓட்றாரு. ஒக்காந்தே பாக்குற வேலை. வாய் மட்டும் பயில்வான் வாய். அவரு பொண்ணு கிறிஸ்டினாவதான் என் மவன் ஸ்டீவனுக்குக் கட்டினோம். போன மாசம் எங்க ரெண்டு ஊட்டுக்கும் சேத்து ஒரு பேத்தி! அது கொட்டாவி வுட்டாக்கூட நான் போன்ல புடிச்சி வச்சிக்கிறேன்.

ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். எங்க ஆளுங்கள்ல அம்மாவப் பெத்தவருதான் கொழந்தயத் தூக்கினு ஊட்ட வுட்டு எறங்கணும். கவரப்பேட்டைல அவரு ஊடு மாடில. செங்குத்தா பதினாலு படி.

அந்த வாரம் செவ்வாக்கெழம கம்பெனில சாமான் லிப்டு நின்னுபோச்சு. "தாத்தா ஆயிட்டேன்டா, இப்பப் பாருங்கடா"ன்னு இவரு மேல்மாடிலேர்ந்து பிளாஸ்டிக் குருணை மூட்டைய தோள்ல போட்டு எறக்கிக்கீறாரு. நாப்பது மூட்டை. அன்னிக்கு ஒண்ணும் ஆவல.

வியாழக்கெழம காலைல போன் வந்துச்சு. கொரலே வேற மாதிரி.

"சம்பந்தி, படி ஏறினா ஒண்ணுமில்ல. எறங்கசொல்ல யாரோ கீழேர்ந்து முட்டியப் புடிக்கிறாங்க."

"யாருங்க?"

"அரசப்பன்."

அரசப்பன் அதே கம்பெனி படில உருண்டு செத்த லோடுமேன். நாலு வருசம் ஆவுது.

ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். நர்சம்மா மேரி தொடய அமுக்கிப் பாத்தாங்க. "கனத்தோட எறங்குனா பழக்கமில்லாத சதை உள்ள பொடிப்பொடியா கிழியும். ரெண்டாம் மூணாம் நாளு வலி ஜாஸ்தி. வலி மொதல்ல போய்டும், தெம்பு அப்பாலதான் வரும். அதுவரைக்கும் காலை நம்பாதீங்க. மூத்திரம் டீ கலர்ல போனா ஒடனே வாங்க."

ஞாயித்துக்கெழம இவரு மாடிப்படி மேல வெள்ளைச் சட்டையில நிக்கிறாரு. "வலியே இல்ல சம்பந்தி! அரசப்பன் போய்ட்டான்!" கொழந்தைக்குக் கைய நீட்டினாரு.

மூணு கிலோ அரிசிய கொழந்த துண்டுல சுத்தி நீட்டினேன். "மொதல்ல இத எறக்குங்க."

"பொண்ணு எடுக்கசொல்ல என்ன நம்பினீங்க, இதுக்கு நம்பமாட்டீங்களா?"

"பொண்ணு தானா நடந்து வந்துச்சுங்க."

மொறச்சிகினே எறங்கினாரு. மூணு படி நல்லாதான் போனாரு. நாலாவது படில முட்டி சத்தமே இல்லாம மடங்கிச்சு. அவரு கம்பியப் புடிச்சி நின்னுட்டாரு. துண்டு மட்டும் உருண்டுச்சு. தொப், தொப்புன்னு ஒவ்வொரு படியா. கடைசிப் படில அவுந்து அரிசி செதறிச்சு.

மேல கொழந்த ஒரு தபா சிணுங்குச்சு.

"வலிச்சுதா?"ன்னேன்.

"இல்ல. மடங்கப்போவுதுன்னுகூட தெரியல சம்பந்தி."

மேல வந்து, கொழந்த நெத்தியில முத்தம் வச்சி, என் கையில குடுத்தாரு. "நீங்க எறக்குங்க. நான் பின்னால வரேன்."

நான் எறங்கினேன். பின்னால அவரு ஒக்காந்து ஒக்காந்து, ஒவ்வொரு படியா நவுந்து வந்தாரு. நாலாவது படில என் முட்டியும் சில்லுன்னுச்சு. நான் மூட்டையே தூக்கல. பேத்திய இறுக்கிகினேன்.

அரிசிய மெதிக்காம தாண்டி நின்னேன். பேத்தி கொட்டாவி வுட்டுச்சு. என் ரெண்டு கையும் அதும்மேலயே இருந்துச்சு, படம் புடிக்க போன எடுக்கல.